அப்பாவின் மரண அறிவித்தலில் இல்லாத பெயர்

என் மகனுக்கு,

நலமா என்று கேட்டுத் தொடங்குவதுதான் வழக்கம். உன் நலத்தைப் பற்றி நீ சொல்வதில் பாதியைத்தான் நான் நம்புகிறேன் என்பதால் அதை விட்டுவிடுகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் நீ கேட்ட கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். "அம்மா, உங்களிட்டையும் வரத் தொடங்கிட்டினம் எண்டால் நான் எழுதுறதை விடுறன். விடட்டோ?" என்றாய். அடுப்பில் பால் இருக்கிறது என்று சொல்லி நான் தொலைபேசியை வைத்துவிட்டேன். அடுப்பில் பால் இருக்கவில்லை. யோசிக்க எனக்கு நேரம் வேண்டியிருந்தது. யோசித்து முடித்ததை உனக்கு மட்டும் சொல்லியிருக்கலாம். பத்திரிகையில் வரட்டும் என்று தீர்மானித்ததற்குக் காரணம் இருக்கிறது. பெற்றவர்களே உன்னைக் கைவிட்டுவிட்டார்கள் என்று ஒரு வருடமாகச் சிலர் சொல்லித் திரிகிறார்கள். அதை வாசித்து நம்பியவர்கள் இதையும் வாசிக்கட்டும். உன் பெயரையும் நீ இருக்கும் நகரத்தையும் நான் எழுதப்போவதில்லை. உன் முகவரி எனக்கே தெரியாது; தெரியாமல் இருப்பதே நல்லது என்று இருவரும் பேசி வைத்ததுதான். என் வீடு துறைமுகத்துக்குப் பக்கத்தில் எந்த ஒழுங்கையில் இருக்கிறது என்பது அவர்களுக்குத் தெரியும். ஆகவே திருகோணமலையிலிருந்து எழுதுகிறேன் என்பதை மறைத்துப் பயனில்லை.

நீ இந்த ஊரை விட்டுப் போனபோது ஆபத்து வேறு பக்கத்திலிருந்து வந்தது. காணி பிடிக்கிறவர்களைப் பற்றி எழுதினாய். மோட்டார் சைக்கிளில் வந்தவர்கள் கடைகளில் உன்னைப் பற்றி விசாரித்தார்கள். நானும் அப்பாவும் உன்னை விமானமேற்றினோம். அங்கே போய் இறங்கியதும் எங்கள் ஆட்களே உன்னை மேடையில் ஏற்றிப் பொன்னாடை போர்த்தினார்கள். அந்தப் படத்தைத் துறைமுகக் களஞ்சியத்தில் தன்னோடு வேலை செய்த எல்லோருக்கும் அப்பா காட்டினார். இனிப் பயமில்லை என்று நாங்கள் நிம்மதியாகத் தூங்கியது அந்தக் கொஞ்சக் காலம்தான். பிறகு நீ அந்த வகுப்பைப் பற்றி எழுதினாய். பொன்னாடை போர்த்திய அதே ஆட்கள் சனிக்கிழமைகளில் சின்னப் பிள்ளைகளைக் கூட்டி, துரோகிகள் என்று சிலரின் படங்களை நிலத்தில் விரித்து மிதிக்கப் பழக்குகிறார்கள் என்று எழுதினாய். இன்னொரு போருக்கு அழைப்பவர்கள் அங்கே இருக்கிறார்கள், போகவேண்டியவர்கள் இங்கே இருக்கும் பிள்ளைகள் என்றும் எழுதினாய். அடுத்த முறை விரித்த படங்களில் உன்னுடையதும் இருந்தது.

துரோகி என்ற சொல்லை அவர்கள் லேசாக எழுதுகிறார்கள். நான் பள்ளிக்கூடம் போன நாட்களில் அந்தச் சொல் மின்கம்பத்தில் ஒட்டியிருந்தால் எந்த வீட்டில் ஒப்பாரி கேட்கப்போகிறதோ என்று பார்த்துக்கொண்டு நடப்போம். செத்தவர் என்ன செய்தார் என்று யாரும் கேட்கமாட்டார்கள். கேட்பவரின் பெயர் அடுத்த கம்பத்தில் வந்துவிடும். அந்தப் பயம் முடிந்துவிட்டது என்று நினைத்திருந்தேன். அது கப்பலேறிப் போய் வெளிநாட்டில் வீடு வாங்கிக் குடியிருப்பது உன் எழுத்தில்தான் எனக்குத் தெரியவந்தது.

அப்பா உன்னோடு கடைசிவரை ஒத்துப்போகவில்லை. அது உனக்குத் தெரியும். எங்கள் ஆட்களின் குறையை நாங்களே வெளியில் சொன்னால் மற்றவர்கள் சிரிப்பார்கள் என்பது அவருடைய வாதம். தொலைபேசியில் நீங்கள் இருவரும் சத்தம் போட்டது அடுத்த வீட்டுக்கும் கேட்டிருக்கும். உனக்குத் தெரியாதது ஒன்று இருக்கிறது. நீ எழுதிய ஒவ்வொன்றையும் அவர் குசினிக்குக் கதிரையை இழுத்துவந்து போட்டு எனக்கு உரக்க வாசித்தார். நான் மீன் வெட்டிக்கொண்டு கேட்பேன். நடுவில் நிறுத்தி, இந்த இடத்தில் பிழை விடுகிறான் என்பார். இன்னோரிடத்தில், இது நல்ல வசனம் என்பார். ஒருநாள் சலூனில் முடி வெட்ட உட்கார்ந்திருந்தபோது ஒருவர் உன்னைத் துரோகி என்றாராம். அப்பா போர்த்தியிருந்த துணியோடு எழும்பி நின்று, "அவன் எழுதுறது பிழை எண்டு சொல்ல நான் இருக்கிறன். நீர் தேவையில்லை" என்றாராம். பாதி வெட்டிய தலையோடு வீட்டுக்கு வந்தார். மறுநாள் வேறு சலூனுக்குப் போய் மீதியை வெட்டினார். அந்த அரைத் தலையை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் சிரிப்பு வருகிறது. உன்னோடு உடன்படாமலே உன் பக்கம் நின்ற ஒருவர் உனக்குத் தகப்பனாகக் கிடைத்தார். எல்லோருக்கும் அது கிடைப்பதில்லை.

உன் மணிக்கட்டைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பனியில் வழுக்கி விழுந்தேன் என்றாய். வீடியோவில் நீ இடக்கையால் கோப்பையைத் தூக்கிய விதத்தில் எனக்குச் சந்தேகம் வந்தது. ரயில் நிலையப் படிக்கட்டில் மூன்று பேர் உன்னை இழுத்து விழுத்தி, எழுதுகிற கை எது என்று கேட்டு மிதித்தார்கள் என்பதைக் கிண்ணியாவில் நாங்கள் ராத்தா என்று கூப்பிடும் முஸ்லிம் அக்கா எனக்குச் சொன்னார். ராத்தாவின் மகள்தான் நீ எழுதும் இணையத்தளத்தின் ஆசிரியர். அவர் பெயர் உங்கள் இணையத்தளத்திலேயே இருப்பதால் இதில் இரகசியம் இல்லை. தன் சமயத்தின் பெயரால் வெறுப்பைப் பரப்பிய ஒரு குழுவை எதிர்த்து எழுதி, உனக்கு முன்பே ஊரைவிட்டுப் போன பெண். அவரைத் திட்டுகிறவர்கள் வேறு சொல்லைப் பாவிக்கிறார்கள். துரோகி என்பதற்கு எல்லா வீட்டிலும் ஒரு சொல் இருக்கிறது. கை ஆறும்வரை அவரும் அவர் கணவரும் உன்னைத் தங்கள் வீட்டில் வைத்துச் சோறு பிசைந்து கரண்டியால் ஊட்டினார்கள் என்று ராத்தா சொன்னபோது, எனக்கு உன் காயத்தை நினைத்து அழுவதா அந்த ஊட்டலை நினைத்து அழுவதா என்று தெரியவில்லை. அப்பாவுக்கு நான் அதைச் சொல்லவே இல்லை. நீயும் எனக்குச் சொல்லவில்லை. எனக்கு நோகக்கூடாது என்று வலியோடு சிரித்தாயே, அதற்கு உன்னைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. ஆனால் இனி விழுந்தால் விழுந்தது என்றும், அடித்தால் அடித்தது என்றும் சொல். ராத்தா எப்படியும் சொல்லிவிடுவார். கிண்ணியாப் பாலம் கட்டியதிலிருந்து அவரை மறிக்க ஒன்றும் இல்லை. முன்பென்றால் படகுக்காவது காத்திருக்கவேண்டும்.

இனி அந்த அறிவித்தலைப் பற்றி. போன வருடம் அப்பா இறந்த அன்று காலை, மாமி மேசையில் இருந்து மரண அறிவித்தல் எழுதத் தொடங்கினார். எங்கள் ஆட்களின் அறிவித்தல் எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியும். இன்ன ஊரைப் பிறப்பிடமாகவும் இன்ன ஊரை வதிவிடமாகவும் கொண்டவர், இன்னாரின் அன்புக் கணவர், இன்னாரின் பாசமிகு தந்தை என்று எல்லோர் பெயரும் வரும். பெயருக்குப் பக்கத்தில் அவரவர் இருக்கும் நாடு வரும். கடைசியில் தொலைபேசி இலக்கங்கள் வரும். உலகம் முழுக்கச் சிதறிய எங்களுக்கு, ஒரு சாவு வந்தால்தான் யார் எங்கே இருக்கிறார்கள் என்று தெரியும். மாமி முதல் எழுதியது உன் பெயரைத்தான். நான் அதை வெட்டச் சொன்னேன். மாமி பேனையை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"ஒரே ஒரு ஆம்பிளைப் பிள்ளை. அவன்ரை பேரில்லாமல் என்ரை தம்பியின்ரை அறிவித்தலை நான் என்னெண்டு போடுறது? உமக்கு விசரே?"

நாட்டையும் இலக்கத்தையும் விட்டுப் பெயரை மட்டும் போடுவோம் என்றார். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் எங்கள் சனத்தின் நல்ல பழக்கம்தான் எனக்குப் பயமாக இருந்தது. பெயரைக் கண்டால் அந்த நாட்டிலுள்ள சொந்தமெல்லாம் ஒன்றையொன்று அழைத்து விசாரிக்கும். தகப்பனைப் பறிகொடுத்த பிள்ளை தனியே இருக்கிறானே, போய்த் துக்கம் விசாரிக்கவேண்டாமா, எங்கே இருக்கிறான் என்று தேடும். யாராவது ஒரு நல்ல மனிதர் எப்படியோ உன் வீட்டைக் கண்டுபிடித்து, இன்னும் பத்து நல்ல மனிதருக்குச் சொல்வார். அந்தப் பத்தில் ஒருவருடைய வீட்டுக் கதிரையில் உன் கையை மிதித்தவன் இருந்து தேநீர் குடித்துக்கொண்டிருப்பான். இதை நான் சொல்லி முடித்ததும் மாமி பேனையைத் திரும்ப எடுத்தார். உன் பெயரை ஒரு கோட்டால் வெட்டினார். பிறகு அந்தத் தாளின்மேல் தலையை வைத்து அழுதார். மாமியின் மகன் உனக்குப் பதிலாகக் கொள்ளி வைத்தான்.

செத்த வீட்டில் எல்லோரும் அதைக் கேட்டார்கள். சிலர் நேரே கேட்டார்கள், சிலர் தங்களுக்குள் குசுகுசுத்தார்கள். தகப்பனோடு கோபம் என்றார்கள். சொத்துப் பிரச்சினை என்றார்கள். கிண்ணியாவிலிருந்து முதல் பஸ்ஸில் இடியப்பமும் சொதியும் கொண்டுவந்த ராத்தா வாசலில் நின்று இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். "பேரு பேப்பர்ல இல்லாட்டி புள்ள இல்லாமப் போகுமா? எங்கட மகள்ட பேர நாங்க பள்ளிவாசல் பக்கம் வாயால எடுத்தே எத்தின வருசம்" என்றார். அன்று உனக்கு அப்பாவைக் காட்டிய தொலைபேசியைப் பிடித்திருந்ததும் அவர்தான். வெளியே யாருக்கும் தெரியாமல் உனக்கு மட்டும் காட்டவேண்டும் என்று நான் சொன்னதால் அதை இடுப்போடு தாழ்த்தி மறைத்துப் பிடித்தார். நீ பாதி நேரம் வீட்டு முகட்டைத்தான் பார்த்தாய். பிறகு உன்னிடம் நான் மன்னிப்புக் கேட்கத் தொடங்கியபோது, "நல்ல வேலை செய்தனீங்கள் அம்மா. அப்பாவும் அதைத்தான் செய்திருப்பார்" என்று சொல்லி என்னை மேலே பேசவிடவில்லை. என் வாழ்நாளில் எனக்கு யாரும் அதைவிடப் பெரிய உதவி செய்ததில்லை. அந்த அறிவித்தலை எடுத்து, பெற்றவர்களே விலக்கிவைத்த துரோகி என்று எழுதிப் பரப்பினார்கள். நீ அதற்குப் பதில் எழுதவில்லை. எழுதியிருந்தால் உன்னை ஒளித்துவைப்பவள் நான்தான் என்று சொல்லவேண்டி வந்திருக்கும், பிறகு அவர்கள் என்னிடம் வந்திருப்பார்கள். என்னைக் காப்பாற்ற நீ அந்தப் பழியைச் சும்மா சுமந்தாய்.

போன மாதம் வந்தவரைப் பற்றி நீ ராத்தா வழியாகக் கேள்விப்பட்டது சரி. ஆனால் முழுவதும் கேள்விப்பட்டிருக்கமாட்டாய். சிறு வயதில் அப்பாவோடு பந்து விளையாடியவர், இப்போது உன் பக்கத்து நாடொன்றில் இருக்கிறார். விடுமுறைக்கு வந்தவர் சொக்லேட்டும் ஒரு வாசனைப் போத்தலும் கொண்டு வந்தார். அப்பாவின் படத்துக்கு முன்னால் கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். நல்ல மரியாதை. அக்கா அக்கா என்றார். தேநீர் குடித்துக்கொண்டே, உன் எழுத்து எங்கள் குடும்பத்தின் கருத்து இல்லை என்று நான் ஒரு வசனம் சொன்னால் போதும், தானே தொலைபேசியில் வீடியோ பிடித்துக்கொண்டு போவதாகச் சொன்னார். அது உனக்குத்தான் நல்லதாம். தாயே சொன்னபின் பையன்கள் உன்னை மறந்துவிடுவார்களாம்.

நான் அவருடைய பிள்ளைகளைப் பற்றிக் கேட்டேன். அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. மூத்தவள் மருத்துவம் படிக்கிறாள், இளையவன் நீச்சலில் பதக்கம் வாங்கியிருக்கிறான் என்று ஒவ்வொரு படமாகத் தள்ளிக் காட்டினார். இளையவனுக்கு என்ன வயது என்றேன். பதினாறு என்றார்.

"இந்த ஒழுங்கையிலை அந்த வயசிலை சண்டைக்குப் போன பிள்ளையளின்ரை தாய்மார் இருக்கினம், தம்பி. அவையிட்டைப் போய் உந்த வீடியோவை எடுங்கோ. அவை என்ன சொல்லினமோ அதை நானும் சொல்லுறன்."

அவர் கோப்பையை மேசையில் வைத்தார். கோபப்படவில்லை. வாசல் கேற் வரைக்கும் என்னோடு நடந்து வந்து, இந்த ஊரில் தெருவில் திரியும் மான்களில் ஒன்றுக்கு ஒழுங்கையில் வழிவிட்டு நின்றுகொண்டே, "நல்ல பெடியன் அக்கா. எங்களுக்கு அவனிலை கோபமில்லை. அங்கை பெடியள்தான் சூடா இருக்கினம். நாங்கள் சொல்லி மறிச்சு வைச்சிருக்கிறம். எத்தினை நாளைக்கு எண்டுதான் தெரியாது" என்றார். இவ்வளவு அன்பாக ஒருவர் என் பிள்ளையைக் கொல்வதைப் பற்றிப் பேசி நான் கேட்டதில்லை. அவர் போனதும் கேற்றைப் பூட்டிவிட்டு இரண்டு முறை இழுத்துப் பார்த்தேன். பயப்படவில்லை என்று உனக்குப் பொய் சொல்லமாட்டேன். பிறகு மாமிக்குச் சொன்னேன். மாமி அன்று பின்னேரமே தன் தலையணையோடு வந்துவிட்டார். இப்போது என்னோடுதான் இருக்கிறார். பொலிஸில் முறைப்பாடும் கொடுத்திருக்கிறேன். அந்த முறைப்பாட்டால் என்ன ஆகும் என்று தெரியாது, ஆனால் கொடுத்தாயிற்று. அந்தச் சொக்லேட்டை என்ன செய்தீர்கள் என்று நீ கேட்பாய். மாமி தின்று முடித்துவிட்டார். நஞ்சு இருந்தால் தெரிந்துவிடும் என்று சொல்லிச் சொல்லித்தான் தின்றார்.

இவர்களைப் பற்றி நீ எழுதும்போது ஒன்றை மட்டும் பார்த்துக்கொள். அண்மையில் வந்த கட்டுரையில் அவர்களில் ஒருவரின் திக்குவாயைக் கேலி செய்திருந்தாய். வாசித்தபோது எனக்கு உன் குரல் கேட்கவில்லை, அவர்களுடைய குரல்தான் கேட்டது. என் வீட்டுக்கு வந்த அந்த மனிதர் பிள்ளையின் பதக்கத்தைக் காட்டியபோது அவர் கண்ணில் இருந்தது நான் உன்னைப் பார்க்கும்போது என் கண்ணில் இருப்பதுதான். அதை மறந்துவிட்டு அவரைப் பற்றி எழுதாதே. அதை மறக்காமல் எழுதினால்தான் அவர் செய்வது எவ்வளவு பயங்கரம் என்று வாசிப்பவனுக்கு விளங்கும். ஒரே பாதையால் தினமும் போகாதே என்று உன் ஆசிரியர் சொல்வதைக் கேள். பிறந்தநாள் விழா, கோயில் திருவிழா என்று எங்கள் சனம் கூடும் இடங்களுக்குப் போகமுடியாமல் இருப்பது உனக்கு எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். தமிழில் பகிடி விட ஆளில்லாமல் இருப்பது ஒரு பசி. அந்தப் பசிக்கு என்னைக் கூப்பிடு. கந்தோரில் வேலையாக இருந்தாலும் எடுப்பேன்.

இப்போது உன் கேள்வி. எழுது என்று நான் சொல்லமாட்டேன். ஆபத்துக்குள் பிள்ளையைப் போ என்று சொல்கிறவர்களைப் பற்றித்தானே நீ எழுதுகிறாய், நான் அவர்களில் ஒருத்தியாக முடியாது. நிறுத்து என்றும் சொல்லமாட்டேன். நீ களைத்துப்போனால் நிறுத்து. பயமாக இருந்தால் நிறுத்து. ஒரு பெண்ணைக் கட்டி, பிள்ளை பெற்று, காலையில் வேலைக்குப் போய் மாலையில் வீட்டுக்கு வரும் மனிதனாக இருக்க ஆசை வந்தால், அதற்காகவும் நிறுத்து. நீ இதுவரை எழுதியது எனக்குப் போதும். உன்னால் ஒரு தாயாவது தன் பிள்ளையை அந்தச் சனிக்கிழமை வகுப்பிலிருந்து மறித்து வீட்டில் வைத்திருப்பாள். அவளை நான் ஒருநாளும் காணமாட்டேன், ஆனால் அவளுக்காக உனக்கு நன்றி சொல்கிறேன். எனக்காக மட்டும் நிறுத்தாதே. உன் வாயைப் பூட்டுவதற்கு அவர்களுக்குக் கிடைத்த பூட்டு நான்தான். அந்தப் பூட்டாக இருக்க எனக்குச் சம்மதமில்லை. எனக்கு வயது நாற்பத்தேழு. கை கால் நன்றாக இருக்கிறது. மாமி இருக்கிறார், கிண்ணியாவில் ராத்தா இருக்கிறார். என்னைக் காட்டி உன்னிடம் யாரும் எதையும் வாங்கக்கூடாது. அதை நீ எனக்குச் செய்தால் போதும்.

அந்த மனிதர் இப்போது திரும்பிப் போய்விட்டார். நேற்றுப் பின்னேரம் அங்கிருந்து தொலைபேசி எடுத்தார். சுகம் விசாரித்தார், மழை பெய்கிறதா என்று கேட்டார். பிறகு மெதுவாக விஷயத்துக்கு வந்தார்.

"அக்கா, மகனோடை கதைச்சனீங்களோ?"

"ஓம், கதைச்சனான்."

"என்ன சொன்னனீங்கள்?"

"சாப்பிட்டியோ எண்டு கேட்டனான்."

வேறு ஒன்றும் சொல்லவில்லையா என்று கேட்டார். வேறென்ன தம்பி, தாய் கேட்கிறதைத்தானே நானும் கேட்பேன் என்று சொல்லி வைத்தேன். அவர் எத்தனை முறை எடுத்தாலும் என்னிடமிருந்து அந்தப் பதில்தான் கிடைக்கும். நீ எத்தனை முறை எடுத்தாலும் அந்தக் கேள்விதான்.

உன்னைப் பெற்றதில் பெருமைப்படும்,
அம்மா